சவரத்துக்குப் பின் எண்ணெய் முகத்துக்கு எது பொருந்தும்?



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கணக்கும் இலக்கணமும் சொல்லித்தர வேண்டிய வாத்தியார் முகச்சவரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்கலாம். ஆனால் இது சிரித்து ஒதுக்கும் விஷயமன்று. ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் இன்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சம்பளம் கைக்கு வந்ததும், வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் அவர்கள் ஆசையோடு வாங்கும் பொருள்களில் ஒன்று ஆஃப்டர் ஷேவ் புட்டி. தீபாவளிக்கு அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாங்கி வருவதும் அதுதான். அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது, எண்ணெய் வடியும் முகத்துக்கு அது நன்மையா தீமையா என்பதை வாங்குகிறவரும் அறிவதில்லை, பூசுகிறவரும் அறிவதில்லை. அதைத்தான் இன்று காண்போம்.

முதலில் நம் பிள்ளைகள் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங் மோ கியோவை எடுத்துக்கொள்வோம். இன்று அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் நிறைந்திருக்கும் அந்த ஊர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஊர்களைப் போலவே ரப்பர் மரங்கள் நின்ற மண். 1973ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகரம் எழுப்பத் தொடங்கியது. 1987 நவம்பர் 7ஆம் நாள் சிங்கப்பூரில் முதன்முதலாகப் பெருவிரைவு ரயில் ஓடியபோது, திறக்கப்பட்ட ஐந்து நிலையங்களுள் ஆங் மோ கியோவும் ஒன்று. ஊர் மாறிவிட்டது. ஆனால் வெயிலும் புழுக்கமும் மாறவில்லை. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 டிகிரி. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் முகத்து வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வையும் எண்ணெயும் கலந்து முகம் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கிறது. இதனால்தான் "வாத்தியாரே, என் முகம் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கும் இளைஞர்கள் நம்மிடையே மிகுதி.

எண்ணெய் வடிகிற முகம் அழுக்கு முகம் அன்று. இதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நம் தோலுக்கு அடியில், மயிர்க்கால்களை ஒட்டி, சிறுசிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தலையிலும் முகத்திலும் அவை மிக அடர்த்தி. நெற்றியும் மூக்கும் தாடையும் முதலில் பளபளப்பதற்குக் காரணம் இதுவே. அந்த எண்ணெய் தோலின் மேல் மெல்லிய காப்பாகப் படிகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உடலின் உள்ளே ஓடும் சுரப்பு நீர்கள், அதாவது ஹார்மோன்கள். ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பும் வயதில் அந்த ஹார்மோன் பெருகுகிறது, சுரப்பியும் பெரிதாகிறது, எண்ணெயும் மிகுகிறது. வெளியே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கும் அந்தக் குழாயை மூடிவிட முடியாது. துடைத்தெடுத்த எண்ணெய் சில மணி நேரத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

உங்கள் முகம் எண்ணெய் வகைதானா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. முகத்தை மெல்லிய சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் தனித்தனியே ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்க் கறை படிந்தால் எண்ணெய்த் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் படிந்து, கன்னத்தில் படியவில்லையானால் கலப்புத் தோல். நம்மில் பலருக்கு இருப்பது இந்தக் கலப்புத் தோல்தான். இது ஏன் முக்கியம் என்றால், நாம் சவரம் செய்வது கன்னத்தையும் கழுத்தையும். எண்ணெய் மிகுதியாக வடிவதோ நெற்றியிலும் மூக்கிலும். நெற்றி எண்ணெயைக் கண்டு பயந்து, காய்ந்து கிடக்கும் கன்னத்தில் கடுமையான மருந்தைக் கொட்டுவது எந்த வகையில் நியாயம்?

இனி, சவரம் தோலுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கத்தி மயிரை மட்டும் வழிப்பதில்லை. தோலின் மேல் ஓட்டிலும் ஒரு பங்கைச் சுரண்டி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தோல், மேல்பட்டை சீவிய மரத்தைப் போல, காப்புக் குறைந்து நிற்கிறது. ஆகவே சவரத்துக்குப் பின் பூசுவது எதுவானாலும் அதற்கு உரிய வேலை மூன்று: எரிச்சலைத் தணிப்பது, போன ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பது, மயிர்த்துளையை அடைக்காமல் இருப்பது. மணம் இந்த மூன்றில் சேராது. அது ஆசைக்கு வைத்துக்கொள்வது.

கடையில் விற்கும் பழைய முறை ஆஃப்டர் ஷேவ் எப்படிப்பட்டது? அமெரிக்காவில் 1938இல் ஆண்களுக்கென்று வெளிவந்த ஓல்டு ஸ்பைஸை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். வெள்ளைப் புட்டியும் பாய்மரக் கப்பல் படமும் இன்னும் பலர் நினைவில் இருக்கும். அந்த வகைத் திரவங்களில் பெரும்பங்கு ஆல்கஹால் என்னும் சாராயச் சத்து. அதோடு தண்ணீரும் வாசனைப் பொருளும், சிலவற்றில் குளிர்ச்சி தரும் மென்தாலும் சேர்கின்றன. குடிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஆல்கஹாலில் வேறு பொருள்களைக் கலந்து கெடுத்து வைக்கிறார்கள். இது நஞ்சு, தீப்பற்றும் பொருளும்கூட. சிறு பிள்ளைகள் கைக்கும், குடிப்பழக்கம் உள்ளவர் கைக்கும், சாமி விளக்கின் பக்கத்துக்கும் எட்டாமல் வைப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

இந்தத் திரவத்தை முகத்தில் அறைந்ததும் சுள்ளென்று எரிகிறது. "எரிந்தால்தான் கிருமி சாகும், எண்ணெய் வற்றும்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்த எரிச்சல் உண்மையில் என்ன? மிளகாய் பட்டால் எரிச்சலை மூளைக்குச் சொல்லும் ஏற்பி ஒன்று நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. ஏறத்தாழ 42 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அதே ஏற்பி விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் அந்த அளவை ஏறத்தாழ 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் உடல் சூடே 37 டிகிரி அல்லவா? ஆகவே சொந்த உடம்பின் சூடே நெருப்புச் சூடாக நரம்புக்குத் தோன்றுகிறது. மென்தாலின் குளிர்ச்சியும் இப்படிப்பட்டதே. குளிரை உணரும் வேறோர் ஏற்பியை அது தட்டி எழுப்புகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. சூட்டையும் குளிரையும் தொடுகையையும் உணரும் இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்னும் இரு அறிஞர்களுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எனவே எரிச்சல் என்பது சுத்தத்துக்குச் சான்று அன்று. அது நரம்பு எழுப்பும் கூக்குரல்.

ஆல்கஹால் கிருமியைக் கொல்லாதா என்றால், கொல்லும். மேலே படிந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடவும் செய்யும். அதனால்தான் பூசியவுடன் முகம் காய்ந்து இறுகினாற்போல் இருக்கிறது. ஆனால் சுரப்பி தன் வேலையை நிறுத்துவதில்லை என்று முன்பே சொன்னேன். எண்ணெய் திரும்பி வரும். கத்தி பட்ட தோலின் காப்போ அவ்வளவு விரைவில் திரும்பாது. விளைவு, மேலே எண்ணெயும் அடியில் வறட்சியும் எரிச்சலுமாக முகம் இரண்டு கெட்டுப்போகிறது. எண்ணெய் என்பது வேறு, தோலுக்குள் இருக்க வேண்டிய நீர் என்பது வேறு. எண்ணெய் மிகுந்த தோலுக்கும் நீர் தேவை.

நம் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இதில் இன்னொரு தனிக் கவலை உண்டு. நம் தோலில் எங்கே புண்ணும் எரிச்சலும் உண்டானாலும், அது ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப் போகிறது. பரு போய்விடும்; அதன் கரும்புள்ளி பல மாதம் இருக்கும். வெளுத்த தோலுடையவருக்குச் சிவந்து ஆறிவிடும் எரிச்சல், நமக்குத் தாடையோரத்தில் கறையாக நின்றுவிடும். ஆகவே மற்றவர்களைவிட நாம்தான் எரியாத பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்த தம்பி ஒருவன் ஆங் மோ கியோவில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அடுக்குமாடி வீடொன்றில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அவனுடைய தாடையெல்லாம் பருவும் கறுப்புமாக இருந்தது. வெளிச்சாப்பாட்டுச் சூடு என்று அவன் தாயார் வருந்தினார். விசாரித்ததில் செய்தி வேறாக இருந்தது. முகத்தில் எண்ணெய் என்று கடுமையான ஆஃப்டர் ஷேவை நாளுக்கு இரண்டு தரம் பூசியிருக்கிறான். எரிந்து பரு கிளம்பியதும், அறைத் தோழன் கொடுத்த ஒரு குழாய் மருந்தைத் தடவியிருக்கிறான். இரண்டே நாளில் முகம் தெளிந்ததால் அதையே மாதக்கணக்கில் தொடர்ந்திருக்கிறான். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. வைத்தியர் சொல்லாமல் ஸ்டீராய்டை முகத்தில் நெடுநாள் தடவினால் தோல் மெலியும், சிவக்கும், புதிய பருக்கள் கிளம்பும். நிறுத்தினாலோ முன்னைவிட மோசமாகும். ஒரு புட்டியில் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள். நல்லவேளையாக அவன் முறையாக மருத்துவரிடம் போய், பல மாத வைத்தியத்தில் தேறினான். அந்த மாதங்களில் புகைப்படத்துக்குக்கூட அவன் முகம் காட்டவில்லை என்று தாயார் சொன்னார். பெண் பார்க்கும் வயதில் உள்ள பிள்ளைக்கு அது சின்ன வேதனையா?

அப்படியானால் எதை வாங்குவது? புட்டியின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்து வகுத்த அழகுப்பொருள் விதிகள் 2008ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, கலந்திருக்கும் பொருள்களின் பட்டியல் பொதியில் இருக்க வேண்டும். எது மிகுதியோ அது முதலில் வரும். குறைந்தது பின்னால் வரும். பட்டியலின் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் "ஆல்கஹால்" அல்லது "ஆல்கஹால் டெனாட்" என்று கண்டால், அது எரிக்கும் வகை என்று முடிவு செய்யலாம். ஆனால் "சீட்டில் ஆல்கஹால்", "ஸ்டியரில் ஆல்கஹால்" என்றிருந்தால் பயப்பட வேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால்; அவை மெழுகு போன்ற பொருள்கள், எரிப்பதில்லை. அவை உள்ள களிம்பு சற்றுக் கெட்டியாக இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ஆஃப்டர் ஷேவ் மூன்று வடிவில் கிடைக்கிறது. தண்ணீர் போன்ற திரவம் ஒன்று, களிம்பு போன்ற பாம் ஒன்று, கூழ் போன்ற ஜெல் ஒன்று. வறண்ட தோலுக்குக் களிம்பு நல்லது. எண்ணெய் முகத்துக்கு, நீரை அடிப்படையாகக் கொண்ட, ஆல்கஹால் இல்லாத ஜெல்லோ மெல்லிய லோஷனோதான் ஏற்றது. "ஆயில் ஃப்ரீ" என்றும் "நான் காமெடோஜெனிக்" என்றும் எழுதியிருப்பதைத் தேடுங்கள். பின்னதற்கு, மயிர்த்துளையை அடைக்காத வகையில் செய்தது என்று பொருள். கிளிசரின், கற்றாழை, பாந்தெனால், நியாசினமைடு ஆகிய பெயர்கள் பட்டியலில் இருந்தால் நல்லது. தேங்காயெண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் முன்வரிசையில் இருந்தால் பரு வரும் முகத்துக்கு வேண்டாம். நம் பிள்ளைகள் தலைக்கு வழிய வழிய எண்ணெய் தேய்ப்பார்கள். அது நெற்றிக்கு இறங்கினாலும் பரு கிளம்பும் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

சாலிசிலிக் அமிலம் என்ற பெயரையும் சில புட்டிகளில் காணலாம். இது எண்ணெயில் கரையும் இயல்புடையதால் துளைக்குள் இறங்கி அடைப்பை நீக்கும். பருவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் சவரம் செய்த உடனே பூசினால் எரியும். இரவில் முகம் கழுவிய பின், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குவதே முறை. ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

வாசனை குறைந்ததே நல்லது. வாசனைப் பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். பெர்கமாட் என்னும் எலுமிச்சை வகைத் தைலம் கலந்த வாசனை நீர் கழுத்தில் வழிந்து, அதன்மேல் வெயில் பட்டால், வழிந்த கோட்டிலேயே கறுத்துவிடுவதுண்டு. இதே காரணத்தால், வீட்டு வைத்தியம் என்று எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து கறுக்கும். மணம் வேண்டுமென்றால் சட்டைக்குப் பூசிக்கொள்ளலாமே!

எதை வாங்கினாலும் நேரே முகத்தில் கொட்டாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் காசளவு இடத்தில் நாள்தோறும் இரண்டு வேளை தடவி, ஒரு வாரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையானால் முகத்துக்குப் பயன்படுத்தலாம்.

புட்டி வாங்கக் காசில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். நம் முடிதிருத்தும் கடைகளில் தேய்க்கும் படிகாரக் கட்டி, சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அது இரத்தக் கசிவை நிறுத்தும், தோலை இறுக்கும், ஆல்கஹால் கிடையாது. நனைத்து மெல்லத் தேய்த்து, அரை நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். நாள்தோறும் தேய்த்தால் அதுவும் வறட்சி தரும். வெட்டுப்பட்ட அன்று மட்டும் போதும். அதைவிட எளியது குளிர்ந்த தண்ணீர். நல்ல சவரமே பாதி ஆஃப்டர் ஷேவ் என்பேன். முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரை போட்டு, மயிர் வளர்ந்த திசையிலேயே, தோலை இழுக்காமல், ஒரே இடத்தைப் பலமுறை வழிக்காமல் சவரம் செய்தால் எரிச்சல் குறைவு. சுருள்மயிர் உள்ளவர்கள் எதிர்த்திசையில் வழித்தால், வெட்டுண்ட நுனி தோலுக்குள் வளைந்து புகுந்து கட்டியாகும்.

முடிவாக, அறையில் கூடித் தங்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஆஃப்டர் ஷேவைப் பகிர்ந்துகொண்டாலும் சவரக் கத்தியையும் படிகாரக் கட்டியையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி போதும். கத்தியின்மேல் ஆஃப்டர் ஷேவை ஊற்றிவிட்டால் சுத்தமாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். முடிதிருத்தும் கடையில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

பரு சீழ் கட்டினாலும், தழும்பு விழுந்தாலும், கட்டிகள் தொடர்ந்து வந்தாலும் கடைப் புட்டியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஆங் மோ கியோவிலேயே பலதுறை மருந்தகம் இருக்கிறது. தோல் நோய்களுக்கென்றே 1988 முதல் இயங்கும் தேசியத் தோல் நிலையமும் சிங்கப்பூரில் உள்ளது. இங்கே தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அரசாங்க மருந்தகம் உண்டு. பரு என்பது வயதுக் கோளாறு, தானே போகும் என்று பெரியவர்கள் தள்ளிவிடக் கூடாது. வைத்தியம் உள்ள நோய் அது.

ஆகவே நேயர்களே, இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். எண்ணெய் முகத்தை எரித்துத் திருத்த முடியாது. எரியாதது, அடைக்காதது, மணம் குறைந்தது, இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெளியூரிலிருக்கும் பிள்ளை தொலைபேசியில் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, முகத்துக்கு என்னப்பா பூசுகிறாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.